மிதிவண்டித் தலைக்கவசம்

மிதிவண்டித் தலைக்கவசம் என்பது மிதிவண்டியிலிருந்து விழும்போது தலையில் படும் அடியைத் தணிக்கும் கவசமாகும். உள்ளிருக்கும் பாலிஸ்டைரீன் நுரை நசுங்கி அதிர்ச்சியை ஏற்கிறது; ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுமுறை உதவாது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கே கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மிதிவண்டிக்கு அது பொருந்தாது. திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலம் வழியாக ஸ்ரீரங்கம் செல்பவரோ பேருந்துகளோடு ஒரே சாலையில் மிதிக்கிறார். பாதுகாப்பு கருதி அவர் வீட்டிலிருக்கும் மோட்டார் சைக்கிள் கவசத்தை அணிந்தால், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடையும் சித்திரை வெயிலும் சேர்ந்து, இரண்டே நாளில் அது கைப்பிடியில் தொங்கத் தொடங்கும். 200 முதல் 350 கிராம் எடையும் அகன்ற காற்றுத் துளைகளும் கொண்ட மிதிவண்டிக் கவசமே இவ்வூருக்கு ஏற்றது. எடை மேலும் குறையக் குறைய விலைதான் ஏறும்.

எடையைவிட அளவு முக்கியம். கவசம் புருவத்துக்கு இரு விரல் மேலே அமர வேண்டும். வார்கள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடை வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டும்போதே நழுவினால் அது பெரியது. குடுமியோ கொண்டையோ உள்ளவர்கள் பின்புறத் திருகு வளையம் அதில் இடிக்கிறதா என்பதைக் கடையிலேயே அணிந்து பார்ப்பது நல்லது. உள்ளே ஐரோப்பிய ஈ.என். 1078 தரக்குறி இருக்க வேண்டும், ஐ.எஸ். 4151 மோட்டார் வண்டிக் கவசத்துக்கானது.