கூப்பன் கருவியிடம் கொடுக்கும் சாவி

ஆன்லைனில் பொருள் வாங்கிப் பணம் கட்டப் போகும்போது திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: 'கூப்பன் தேடட்டுமா?' சரி என்றால், தன்னிடமுள்ள கூப்பன்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அதிகத் தள்ளுபடி தருவதைச் சேர்த்துவிடும். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் இந்தச் சிறு மென்பொருள்தான் எக்ஸ்டென்ஷன். இவற்றில் பேர்பெற்றது 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹனி. நம்மிடம் ஒரு காசும் வாங்காத இந்தக் கருவியை, 2020 ஜனவரியில் பேபால் நிறுவனம் ஏறக்குறைய 400 கோடி டாலர் கொடுத்து வாங்கி முடித்தது.

வருமானம் கமிஷனில் இருக்கிறது. நம்மைக் கடைக்கு அனுப்பியது யார் என்பதைக் குக்கி என்ற சிறு கோப்பு பிரவுசரில் குறித்து வைக்கும். வியாபாரம் முடிந்ததும் கடை அவருக்குக் கமிஷன் தரும். அதில் ஒரு பங்குதான் நமக்கு வரும் கேஷ்பேக். எந்த ஆர்டர், எவ்வளவு தொகை என்று தெரியாமல் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது. இந்த அளவு விவரத்தை நாமும் தெரிந்தேதான் கொடுக்கிறோம்.

எனக்குக் கவலை தருவது அனுமதிதான். இத்தகைய கருவியை நிறுவும்போது, நீங்கள் பார்க்கும் எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் இதனால் முடியும் என்று குரோம் எச்சரிக்கும். பலரும் அதைப் படிப்பதில்லை. பணம் கட்டும் பக்கம் எது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த அனுமதி. ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவும் கடன் விண்ணப்பமும் மெயிலும் அதே அனுமதிக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லாக் கருவிகளும் அவற்றைப் படிக்கின்றன என்று நான் சொல்லவில்லை. படிக்காது என்பதற்கு நம் கையில் இருப்பது நிறுவனத்தின் வாக்கு மட்டுமே.

அந்த வாக்கு பொய்த்ததும் உண்டு. விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடர்வதைத் தடுப்பதாகச் சொன்ன அவாஸ்ட் நிறுவனத்தின் மென்பொருளும் எக்ஸ்டென்ஷன்களும், நாம் பார்த்த பக்கங்களின் விவரத்தைத் திரட்டின. அதை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றார்கள் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2024இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

குரோமிலேயே ஒரு தடுப்பு இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் அந்தக் கருவியின் விவரப் பக்கத்தைத் திறந்து, நாம் சொடுக்கும்போது மட்டும் தளத்தைப் பார்க்கும்படி மாற்றலாம். வேண்டாமென்றால் அடியோடு நீக்கலாம். ஆனால் ஏற்கெனவே அவர்களுடைய சர்வருக்குப் போய்விட்டது அதனால் அழியாது. கணக்கையும் தரவையும் அழிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.