பூட்டை உடைக்கக் கல்லூரியில் பாடம்!

கன்னம் வைப்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலாவது சொல்லிக் கொடுப்பார்களா?

கொடுக்கிறார்கள்!

சுவரில் வைக்கும் கன்னம் அல்ல. கம்ப்யூட்டரில் வைக்கும் கன்னம்.

அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து பார்ப்பதற்கு "ஹேக்கிங்" என்று பெயர். சொந்தக்காரரே கூப்பிட்டு, "எங்கே ஓட்டை இருக்கிறது? பார்த்துச் சொல்" என்று கேட்டு, அதன் பிறகு புகுந்தால் அது "எதிகல் ஹேக்கிங்". அதாவது, நேர்மையான ஹேக்கிங். அப்படிப் புகுந்து பார்க்கும் சோதனையை "பெனட்ரேஷன் டெஸ்டிங்" என்கிறார்கள்.

நேர்மையான கன்னக்கோல் என்று சொல்வது போல இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால், உலகம் முழுவதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஸ்காட்லாந்தில் டண்டி என்று ஒரு நகரம். அங்கே உள்ள அபர்ட்டே பல்கலைக்கழகம் 2006-ம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கியது. நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டுப் பாடத்திட்டத்திலும் இது ஒரு விருப்பப் பாடமாக இடம்பெற்றது.

பொய்க் கம்ப்யூட்டர்

பூட்டு உடைக்கப் பழக வேண்டுமானால், உடைப்பதற்கு ஒரு பூட்டு வேண்டும். ஊரார் வீட்டுப் பூட்டில் பழக முடியுமா?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு பொய்க் கம்ப்யூட்டர்களை உண்டாக்குகிறார்கள். "வர்ச்சுவல் பாக்ஸ்" போன்ற புரோகிராம்கள் இதைச் செய்கின்றன.

ஒரு பொய்க் கம்ப்யூட்டரில் "காளி லினக்ஸ்" இருக்கும். தாக்குவதற்கான கருவிகள் எல்லாம் அதில் உண்டு. இன்னொன்றின் பெயர் "மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள்". அது அடி வாங்குவதற்கென்றே பிறந்தது. வேண்டுமென்றே ஓட்டைகளை வைத்துச் செய்யப்பட்டது!

இரண்டுக்கும் வெளி உலகத் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். உள்ளே என்ன அடிதடி நடந்தாலும் வெளியே யாருக்கும் சேதம் இல்லை.

முதலில் மாணவர் கதவுகளை எண்ணுகிறார். ஒரு கம்ப்யூட்டருக்கு "போர்ட்" என்னும் வாசல்கள் 65,535 வரை உண்டு. "என்மேப்" என்ற கருவி வாசல் வாசலாகத் தட்டிப் பார்க்கும். எது திறந்திருக்கிறது, அதன் பின்னால் எந்தப் புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது என்று பட்டியல் கொடுக்கும்.

சிரித்தால் கதவு திறக்கும்!

அந்தப் பட்டியலில் ஒரு பழைய புரோகிராம் இருக்கும். கம்ப்யூட்டர்களுக்கு இடையே பைல்களை அனுப்பும் புரோகிராம் அது.

2011-ம் ஆண்டில் அதை வைத்து ஒரு விஷமம் நடந்தது. அந்தப் புரோகிராமை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் இடத்தில், யாரோ ஒரு ஆசாமி நல்ல பிரதியை எடுத்துவிட்டுக் கள்ளப் பிரதியை வைத்துவிட்டான். அதில் ஒரு ரகசியம் இருந்தது.

உள்ளே வருபவர் தம் பெயரை டைப் செய்ய வேண்டும் அல்லவா? அந்தப் பெயரின் முடிவில் ஒரு முக்காற்புள்ளியும், மூடும் அடைப்புக்குறியும் போட வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அது சிரிக்கும் முகம்! அந்த முகத்தைக் கண்டதும் 6200-ம் எண் வாசல் திறந்துகொள்ளும். பாஸ்வேர்டு தேவையில்லை. வந்தவர்தான் வீட்டுக்கு எஜமானர்!

விஷமம் அப்போதே கண்டுபிடிக்கப்பட்டு, கள்ளப் பிரதி நீக்கப்பட்டது. ஆனால், மாணவர்கள் பழகுவதற்காக மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளில் மட்டும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பாஸ்வேர்டு பாடமும் உண்டு. "ராக்யூ" என்ற கம்பெனியிலிருந்து 2009-ம் ஆண்டில் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருட்டுப் போயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது எது தெரியுமா? 123456! சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதையே வைத்திருந்தார்கள். அந்தத் திருட்டுப் பட்டியல் இன்று பாடப் பொருளாகிவிட்டது. காளி லினக்ஸிலேயே அது இருக்கிறது. (உங்கள் பாஸ்வேர்டு என்னவென்று நான் கேட்கவில்லை.)

உள்ளே புகுந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. எப்படிப் புகுந்தேன், என்ன ஆபத்து, எப்படி அடைப்பது என்று சொந்தக்காரருக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். உடைக்கத் தெரிந்த பிள்ளைகள் பலர் இங்கேதான் திணறுகிறார்கள்.

ஜெயில் வாசல்

இந்தப் பாடத்தில் ஆபத்து எங்கே வருகிறது? கை அரிக்கும்போது வருகிறது.

பொய்க் கம்ப்யூட்டரை உடைத்தாகிவிட்டது. கல்லூரியின் மார்க் பட்டியல் இருக்கும் கம்ப்யூட்டரை ஒரு தட்டுத் தட்டினால் என்ன? எதையும் மாற்றப் போவதில்லையே, சும்மா பார்க்கத்தானே?

"சும்மா பார்த்தேன்" என்பது கோர்ட்டில் எடுபடாது. நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ம் ஆண்டில் வந்தது. சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாலே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 43-வது பிரிவு. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-வது பிரிவு பாயும். 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் 1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி ஒரு புரோகிராமை அவிழ்த்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 22. அது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானாகவே பரவியது. அவர் நினைத்ததைவிட வேகமாகப் பரவியது. சுமார் 6 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் திணறின என்று அப்போது கணக்கிட்டார்கள். கோர்ட்டு அவரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பு ஆயிற்று. பிற்காலத்தில் அவர் பேராசிரியர் ஆனார்.

கடிதம் இருந்தும் கைது!

அனுமதி வாங்கிவிட்டால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2019-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். அடெல் என்ற ஊரில் கோர்ட்டுக் கட்டிடத்துக்குள் இரண்டு பேர் புகுந்தார்கள். அலாரம் அடித்தது. போலீஸ் வந்தது.

இருவரும் ஒரு கடிதத்தைக் காட்டினார்கள். "பாதுகாப்பைச் சோதிக்கும்படி மாநில நீதித் துறையே எங்களை அமர்த்தியிருக்கிறது" என்றார்கள். அது உண்மைதான்.

ஆனால், மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிப் ஒப்புக்கொள்ளவில்லை. "இந்தக் கட்டிடம் மாவட்டத்துக்குச் சொந்தம். இதற்குள் நுழைய அனுமதி கொடுப்பதற்கு மாநிலம் யார்?" என்று கேட்டார். இருவரையும் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். வழக்கு கைவிடப்பட்டது 2020 ஜனவரியில்தான். அதுவரை குற்றவாளி என்ற பழியைச் சுமந்துகொண்டு இருவரும் அலைந்தார்கள்.

திருடப் போனவர்கள் அல்ல. கூலிக்கு வேலை பார்க்கப் போனவர்கள். கையெழுத்து இருந்தது. ஆனால், கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்பதில்தான் சண்டை வந்தது.

எனவே, பெற்றோர்களே! ஒரு நாள் உங்கள் மகள் வந்து, "அப்பா, நம் வீட்டு வை-பையை உடைத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டால் பதறாதீர்கள். கேட்கிறாள் அல்லவா? பாடம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். "சரி, பார்" என்று சொல்லலாம். பக்கத்து வீட்டு வை-பையின் பெயரும் அதே திரையில் தெரியும். அதற்கு "சரி" சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை.