பயிரின் உள்ளே குடியிருக்கும் பூஞ்சணங்களும் அவை உண்டாக்கும் நோய் தடுக்கும் பொருள்களும்

பூஞ்சணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் விவசாயிகளின் நினைவுக்கு வருவது நோயேயாகும். நெற்பயிரில் குலைநோயும், சோளக் கதிரில் கரிப்பூட்டையும், நிலக்கடலை இலையில் டிக்காப் புள்ளிகளும், நாற்றங்காலில் நாற்றழுகலும் பூஞ்சணங்களாலேயே உண்டாகின்றன என்பது யாவரும் அறிந்த விஷயம். ஆயினும் பூஞ்சணங்கள் யாவும் பயிருக்குப் பகை அல்ல. எவ்வித நோய்க்குறியும் இல்லாமல் செழித்து நிற்கும் செடிகளின் வேர், தண்டு, பட்டை, இலை, விதை ஆகியவற்றினுள்ளும் கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சணங்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில, தாம் தங்கியிருக்கும் செடியை வேறு கிருமிகள் தாக்காதவாறு தடுக்கும் பொருள்களை உண்டாக்குகின்றன. அவற்றின் தன்மையும், அவற்றால் அடையக்கூடிய அனுகூலமும், அவற்றைக் கையாளுவதில் உள்ள அபாயமும் இங்கு விளக்கப்படுகின்றன.

உட்குடிப் பூஞ்சணம் என்பது யாது?

செடியின் உடலுக்குள்ளே வாழும் நுண்ணுயிர்களுக்கு 1866-ம் வருஷத்தில் ஜெர்மன் தாவர சாஸ்திரியான டி பாரி என்பவர் எண்டோபைட் என்று பெயரிட்டார். செடிக்குள் இருப்பது என்பது அதன் பொருள். தமிழில் இவற்றை உட்குடிப் பூஞ்சணங்கள் எனலாம். இவை செடியின் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் மெல்லிய நூல்போல் படர்ந்து, செடி தயாரிக்கும் உணவில் சிறு பங்கைப் பெற்று உயிர்வாழ்கின்றன.

இவை செடிக்குள் புகும் வழிகள் இரண்டு. சில புல்வகைகளில் தாய்ச்செடியின் விதை வழியாகவே பூஞ்சணம் அடுத்த தலைமுறைக்குச் செல்லுகின்றது. பெரும்பாலான மரங்களிலோ, காற்றில் மிதந்துவரும் வித்துகள் பனியிலும் மழைநீரிலும் நனைந்த இலைமேல் தங்கி முளைத்து உள்ளே நுழைகின்றன. துளிர் இலையில் இவை அநேகமாக இல்லாமலிருந்து, இலை முதிர முதிரப் பெருகுவதற்குக் காரணம் இதுவே.

ஒரு செடியில் இவை உள்ளனவா என்று அறியும் முறை எளியது. இலையையோ குச்சியையோ நன்றாகக் கழுவி, சாராயச் சத்திலும் சலவை மருந்து நீரிலும் முக்கி, மேற்பரப்பிலுள்ள கிருமிகளை அழித்துவிடுவார்கள். பின்பு அதை நறுக்கி, கடற்பாசிக் கூழ் வார்த்த தட்டில் வைப்பார்கள். சில நாட்களில் நறுக்கப்பட்ட பகுதியின் ஓரத்திலிருந்து பூஞ்சணம் வளர்ந்து வெளிவரும். மேற்பரப்பு சுத்தம் செய்யப்பட்டிருப்பதால், அவ்வாறு வளர்வது உள்ளே இருந்தது என்பது தெளிவு.

குடியிருப்பவன் ஏன் காவல் செய்கிறான்?

செடிக்குள் இருக்கும் பூஞ்சணத்திற்கு அச்செடியே வீடும் வயலும் ஆகும். வேறொரு கிருமி புகுந்து செடியை அழித்தால், குடியிருக்கும் பூஞ்சணமும் தன் இருப்பிடத்தை இழக்கும். ஆகையால் வெளியிலிருந்து வருவனவற்றின் வளர்ச்சியை அடக்கும் பொருள்களை அது சுரக்கின்றது. தட்டில் வளர்ந்த பூஞ்சணம் ஒன்று தன்னைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்களை அழித்ததை 1928-ம் வருஷத்தில் பிளெமிங் கண்டதிலிருந்தே பெனிசிலின் மருந்து பிறந்தது. செடிக்குள் நடைபெறுவதும் ஏறக்குறைய அத்தகையதொரு போராட்டமே.

மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா தேசத்தில் கோக்கோ மரங்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவுகள் 2003-ம் வருஷத்தில் வெளியாயின. பூஞ்சணம் இல்லாமல் வளர்க்கப்பட்ட நாற்றுகளின் சில இலைகளில் மட்டும் உட்குடிப் பூஞ்சணங்களைக் குடியேற்றி, பின்பு எல்லா இலைகளிலும் பைட்டாப்தோரா என்னும் கருங்காய் நோய்க் கிருமியை ஏற்றினார்கள். பூஞ்சணம் குடியேறிய இலைகள் பெரும்பாலும் தப்பின. மற்றவை அதிகமாகக் கருகி உதிர்ந்தன. ஒரே நாற்றில் இருந்த இலைகளிலேயே இவ்வித்தியாசம் காணப்பட்டமையால், காவல் செய்தது பூஞ்சணமே என்பது உறுதியாயிற்று.

இலவங்கப்பட்டை மரத்தில் கண்ட அதிசயம்

கறுவா எனப்படும் இலவங்கப்பட்டை மரம் இலங்கைக்கு உரியது. அம்மரம் ஹோண்டுராஸ் தேசத்திலுள்ள லான்செட்டில்லா தாவரத் தோட்டத்திலும் வளர்க்கப்படுகிறது. அத்தோட்டத்து மரத்தின் குச்சியிலிருந்து, அமெரிக்காவின் மான்டானா மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரி ஸ்ட்ரோபல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வெண்ணிறப் பூஞ்சணம் ஒன்றைப் பிரித்தெடுத்து, 2001-ம் வருஷத்தில் அதற்கு மஸ்கோடார் ஆல்பஸ் என்று பெயரிட்டார்கள். 2020-ம் வருஷத்தில் அது இண்டுராஷியா என்னும் இனத்தில் சேர்க்கப்பட்டது.

இப்பூஞ்சணத்தின் விசேஷம் யாதெனில், இது தன் பகையைத் தொடாமலே கொல்லுகின்றது. நடுவில் தடுப்புள்ள தட்டின் ஒரு பக்கத்தில் இதையும், மறுபக்கத்தில் நோய்க்கிருமிகளையும் வளர்த்தபோது, இடையில் காற்றைத் தவிர வேறு தொடர்பு இல்லாதிருந்தும் பல கிருமிகள் மடிந்தன. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியமும், வேரழுகலை உண்டாக்கும் ரைசாக்டோனியாவும் அவற்றுள் அடங்கும். இது வெளிவிடும் வாயுவில் ஏறக்குறைய 28 பொருள்கள் கலந்திருக்கக் கண்டார்கள். அவற்றுள் அதிக வலிமையுடையது, பழுத்த வாழைப்பழத்தின் வாசனையைத் தரும் பொருளேயாகும். ஆனால் எந்தப் பொருளும் தனித்து நின்று கிருமிகளைக் கொல்லவில்லை. யாவும் கூடியபோதே பலன் உண்டாயிற்று. கரிப்பூட்டைக் கிருமி ஒட்டிய பார்லி விதைகளைச் சில நாட்கள் இவ்வாயுவில் வைத்து விதைத்தபோது அந்நோய் காணப்படவில்லை. பறித்த ஆப்பிள், பீச் பழங்களில் அழுகலைத் தடுக்கவும் இது பயன்படும் என்று 2004-ம் வருஷத்தில் வெளியான சோதனைகள் காட்டின. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஸ்தாபனம் 2005-ம் வருஷத்தில் இதைப் பயிர்ப் பாதுகாப்புப் பொருளாகப் பதிவு செய்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு பூஞ்சணம் பெரு தேசத்துக் காட்டுக்கொடி ஒன்றில் கிடைத்தது. அது, துணிப்பெட்டிகளில் அந்துருண்டையாக வைக்கப்படும் நாப்தலீனையே உண்டாக்கிப் பூச்சிகளை விலக்குவதாக 2002-ம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது.

காவலே தீங்காவதும் உண்டு

இயற்கையில் உண்டான பொருள் யாவும் தீங்கற்றது என்று கருதுவது பெரும் தவறு. மேற்சொன்ன மஸ்கோடார் பூஞ்சணத்தின் வாயு, பாக்டீரியாக்களின் மரபுப் பொருளையே சிதைத்துக் கொல்லுகின்றது என்று 2015-ம் வருஷத்தில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். அத்தகைய பொருளை மனிதர் சுவாசிக்கும் இடத்திலும் உண்ணும் பண்டங்களிலும் கையாளுவதற்கு மிகுந்த எச்சரிக்கை தேவை.

இதைவிடத் தெளிவான பாடம் அமெரிக்காவின் மேய்ச்சல் நிலங்களில் கிடைத்தது. கென்டக்கி மாகாணத்தில் ஒரு மலைச்சரிவில் 1931-ம் வருஷத்தில் கண்டெடுக்கப்பட்ட பெஸ்க்யூ புல், 1943-ம் வருஷத்தில் கென்டக்கி 31 என்ற பெயரால் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. அப்புல் வறட்சியையும் பூச்சியையும் தாங்கிச் செழித்து, லட்சக்கணக்கான ஏக்கரில் பரவிற்று. ஆனால் அதை மேய்ந்த மாடுகள் எடை குறைந்தன, பால் சுருங்கிற்று, சிலவற்றின் குளம்புகள் அழுகின. காரணம் பல வருஷங்கள் விளங்கவில்லை. 1977-ம் வருஷத்தில் ஜார்ஜியா மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள், புல்லின் உள்ளே குடியிருந்த பூஞ்சணமே காரணம் என்று சுட்டிக் காட்டினர். உடனே பூஞ்சணம் அற்ற விதையை விதைத்தார்கள். மாடுகள் நலமடைந்தன; புல்லோ வறட்சியிலும் பூச்சித் தாக்குதலிலும் மடிந்தது. மாட்டைக் கெடுத்ததும் புல்லைக் காத்ததும் ஒரே பூஞ்சணம் என்பது அப்போது விளங்கிற்று.

நியூசிலாந்தில் ரைபுல் மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழும் நோய்க்கும் இத்தகைய பூஞ்சணமே காரணம் என்று 1981-ம் வருஷத்தில் அறியப்பட்டது. அந்நாட்டார் பூஞ்சணத்தை அடியோடு ஒழித்துவிடவில்லை. அதன் பல வகைகளை ஆராய்ந்து, பூச்சியைத் தடுக்கும் பொருளைச் சுரந்து, ஆட்டுக்குத் தள்ளாட்டம் தரும் விஷத்தைச் சுரக்காத வகையைத் தேர்ந்தெடுத்துப் புல்விதையில் ஏற்றினார்கள். அவ்விதை 2001-ம் வருஷம் முதல் வழங்கப்பட்டது. இத்தகைய விதையை வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் வைத்தால், விதை முளைக்கும் திறனுடன் இருந்தும் உள்ளிருக்கும் பூஞ்சணம் இறந்துவிடுகிறது. ஆகையால் முளைப்புத்திறனைச் சோதித்தால் மட்டும் போதாது. பூஞ்சணம் உயிருடன் உள்ளதா என்பதையும் சோதிக்கின்றனர்.

இப்போது கையாளக்கூடியது

மேற்சொன்னவற்றுள் பெரும்பாலானவை ஆராய்ச்சிசாலைக்கு உரியவை. ஆயினும் இவ்வகையில் விவசாயிகளின் கைக்கு எட்டிய பூஞ்சணம் ஒன்று உண்டு. அதுவே டிரைகோடெர்மா. இது மண்ணில் வாழ்வது. பயிரின் வேரின் மேற்புறத் தோலுக்குள்ளும் புகுந்து தங்கும். 1932-ம் வருஷத்தில் வீண்ட்லிங் என்பவர், இது பிற பூஞ்சணங்களைச் சுற்றி வளைத்து அழிப்பதை விவரித்தார். பின்னர் இதன் வகையிலிருந்து கிளையோடாக்சின் என்னும் கிருமி கொல்லும் பொருளும் பிரிக்கப்பட்டது. இது வேரில் தங்கும்போது பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியும் தூண்டப்படுகின்றது.

தமிழ்நாட்டில் பயறு வகைகளுக்கும் நிலக்கடலைக்கும், வேரழுகலைத் தடுக்கும் பொருட்டு, விதை 1 கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி தூளைக் கலந்து விதைக்கும்படி சிபாரிசு செய்யப்படுகிறது. நிலத்தில் இடுவதானால் ஹெக்டேருக்கு 2½ கிலோ தூளை 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது இடுதல் வேண்டும்.

இத்தூள் உயிருள்ள பொருள் என்பதை மறவாமல் இருப்பது அவசியம். வெயிலில் வைத்தாலும், காலாவதியானதை வாங்கினாலும், பூஞ்சணக் கொல்லி மருந்துடன் ஒன்றாகக் கலந்தாலும் அது இறந்துபோகும், பணமும் வீணாகும். இது நோய் வருமுன் காப்பதேயன்றி, அழுகி வாடிய செடியை மீட்பதன்று. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பெயரறியாத் தூள்களையும் திரவங்களையும், பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் பார்க்காமல் வாங்குதல் கூடாது. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லுவது பெரும் உதவியாகும்.

செழித்த பயிர் தனித்து நிற்பதன்று. அதனுள்ளே குடியிருப்பவை பல. அவற்றுள் காப்பனவும் உண்டு, கெடுப்பனவும் உண்டு. தேவையின்றிப் பூஞ்சணக் கொல்லிகளை அடிக்கடி தெளிக்கும்போது பகையோடு காவலும் அழியக்கூடும். ஆகையால் நோயை இன்னதென்று அறிந்து, தேவையான அளவு மருந்தையே தெளித்து, தொழுவுரத்தால் மண்ணை வளப்படுத்தி, நல்ல விதையை நேர்த்தி செய்து விதைப்பவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத இக்காவலாளிகளின் உதவியும் கூடிவரும்.