திரைக் குத்துவாளின் நகல்: வார்ப்பு முதல் வாங்குவது வரை

திரைப்படத்தில் நாயகன் உருவும் குத்துவாள் ஒரே ஒரு பொருள் அல்ல. ஒரு படத்துக்காக ஒரே கத்தி பல பிரதிகளாகச் செய்யப்படுகிறது. கேமரா மிக அருகே வரும்போது நடிகரின் கையில் இருப்பது ஒன்று, சண்டைக் காட்சியில் சுழல்வது இன்னொன்று, குதிரையிலிருந்து உருண்டு விழும் ஸ்டண்ட் கலைஞரின் இடுப்பில் செருகியிருப்பது வேறொன்று. முதலாவதை ஹாலிவுட்டில் 'ஹீரோ' என்பார்கள். அதுதான் உலோகத்தில், நுணுக்கமான கைவேலையோடு செய்யப்படுவது. சண்டைக்கு எடை குறைந்த, விளிம்பு மழுங்கிய அலுமினியம் போதும். விழுந்து புரளும் காட்சிகளுக்கு ரப்பரோ வளையும் பாலியூரித்தேனோ பயன்படும். தமிழ்ப் படப்பிடிப்புத் தளத்தில் இப்படிப்பட்ட போலிக் கத்தியைச் சுருக்கமாக 'டம்மி' என்று சொல்லிவிடுவார்கள்.

நகல் வாங்க நினைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான். திரையில் பளபளத்த கத்தி பல ஷாட்களில் ரப்பராகவே இருந்திருக்கும். ஆகவே, எஃகில் செய்தால்தான் அசலுக்கு நெருக்கம், ரெசினில் செய்தால் மட்டம் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் குறைவு. நண்பருக்குப் பரிசளிக்கத் தேடுபவரின் பணத்தைப் பெரும்பாலும் வீணாக்குவதும் இந்த எண்ணம்தான்.

ஒரே கத்தி பல பிரதிகளாக இருப்பதற்கு, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் நாயகன் ஃப்ரோடோ ஏந்தும் 'ஸ்டிங்' நல்ல எடுத்துக்காட்டு. ஆளுயர எல்ஃப் இனத்தவர் கையில் அது குத்துவாள். ஃப்ரோடோவைப் போன்ற குள்ளமான ஹாபிட் இனத்தவர் கையில் அதுவே வாள். 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று படங்களுக்கும் ஆயுதங்களைச் செய்தது நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலுள்ள வேட்டா ஒர்க்‌ஷாப். எஃகு வாள்களைச் செய்தவர் அங்கிருந்த வாள் கைவினைஞர் பீட்டர் லயன். ஹாபிட்டுகள் உருவத்தில் சிறியவர்களாகத் தெரிய வேண்டும் என்பதால், நடிகருக்குப் பதிலாக உயரம் குறைந்தவர்களும் சில ஷாட்களில் நடித்தார்கள். அவர்கள் கைக்கு ஏற்ப ஆயுதங்களும் வேறு அளவில் செய்யப்பட்டன. அதனால் 'படத்தில் வந்த அதே அளவு' என்று விளம்பரம் சொன்னால், எந்த அளவு என்று திருப்பிக் கேட்க இடமிருக்கிறது.

ஸ்டிங் நீளமானது, உலோகத்தை எதிர்பார்க்க வைப்பது. அதன் அழகே அலகின் பளபளப்பும் அதில் ஓடும் எல்ஃப் எழுத்துகளும்தான். குறைந்த செலவில் அதை நன்றாக நகலெடுப்பது கடினம். இதற்கு நேர்மாறானது 'டியூன்' கதையில் வரும் கிரிஸ்நைஃப். அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் வெளியிட்ட நாவலில், அராக்கிஸ் என்னும் பாலைவனக் கோளில் வாழும் ஃப்ரெமென் மக்கள் ராட்சத மணற்புழுவின் பல்லிலிருந்து செதுக்கும் குத்துவாள் இது. இருபுறமும் விளிம்புடையது, பால் வெண்மை நிறம், சுமார் 20 செ.மீ. நீளம் என்று நாவல் வருணிக்கிறது. பதப்படுத்தாத கிரிஸ்நைஃப் மனித உடலின் அருகிலேயே இருக்க வேண்டும், விலகினால் சிதைந்துவிடும் என்றும் அதில் வரும். டெனி வில்நெவ் இயக்கி 2021-ல் வெளிவந்த படத்தில், ஜாமிஸ் என்னும் ஃப்ரெமென் வீரனுடன் மோதுவதற்கு முன் நாயகன் பாலின் கையில் ஃப்ரெமென் பெண் சானி கொடுப்பது இந்தக் கத்தியைத்தான்.

கதையிலேயே இது உலோகம் அல்ல. பல்லைப் போலவோ எலும்பைப் போலவோ தெரிந்தால் போதும். அப்படித் தெரிவதற்கு ரெசினைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. அதாவது, மலிவான பொருளே இங்கே சரியான பொருளும் ஆகிறது. குறைந்த செலவில் திரைக் குத்துவாள் தேடுவோருக்கு கிரிஸ்நைஃபைப் போல வாய்ப்பான தேர்வு அரிது. ஆனால் எந்தப் படம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். டேவிட் லிஞ்ச் 1984-ல் எடுத்த 'டியூன்' ஒன்று இருக்கிறது. 2000-ல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆயுதங்களைத் தனித்தனியே வடிவமைத்தார்கள். ரசிகருக்கு வித்தியாசம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இனி, ரெசின் நகல் உருவாகும் விதம். முதலில் 'மாஸ்டர்' எனப்படும் மூலவடிவம் ஒன்று வேண்டும். அதைக் களிமண்ணிலோ மரத்திலோ கையால் செதுக்கலாம், கணினியில் வடிவமைத்து 3டி பிரிண்டரில் அச்சிடலாம். அச்சிட்ட வடிவத்தின் மேல் நூல் கனத்துக்கு வரிவரியாக அடுக்குக் கோடுகள் இருக்கும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து மறையச் செய்ய வேண்டும். பொறுமை தீர்ந்துபோன பட்டறைகளின் சரக்கில் இந்தக் கோடுகள் அப்படியே நின்றுவிடும். அலகைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணில் படும்.

மாஸ்டர் தயாரானதும் அதைப் பாதி ஆழத்துக்குக் களிமண்ணில் பதித்து, சுற்றிலும் பலகை கட்டி, மேலே திரவ சிலிக்கான் ரப்பரை ஊற்றுவார்கள். அது இறுகியதும் திருப்பிப் போட்டு, களிமண்ணை நீக்கிவிட்டு, ஒட்டாமலிருக்க மசகு பூசி, மறுபாதிக்கும் ரப்பரை ஊற்றுவார்கள். இரண்டு பாதிகளையும் பிரித்து மாஸ்டரை வெளியே எடுத்தால் உள்ளே கத்தியின் வெற்றிடம் கிடைக்கும். சிலிக்கான் மிக நுண்ணிய தடங்களையும் பிடித்துக்கொள்ளும். மாஸ்டரில் கைரேகை பதிந்திருந்தால் அதுவும் ஒவ்வொரு நகலிலும் வரும்.

அடுத்து வார்ப்பு. பாலியூரித்தேன் ரெசின் இரண்டு திரவங்களாக வரும். குறித்த விகிதத்தில் கலந்ததும் சூடேறி, சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். கலக்கும்போது புகுந்த காற்று குமிழிகளாக உள்ளே தங்கும். அதனால் நல்ல பட்டறைகள் அச்சை அழுத்தக் கலனுக்குள் வைத்து ரெசினை இறுகவிடும். அழுத்தத்தில் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிப்போகும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் செய்த நகலில், கத்தியின் முனையிலும் பிடியின் செதுக்குகளிலும் குண்டூசித் தலை அளவில் சிறு குழிகள் இருக்கும். முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் காற்று போய்ச் சிக்கும் மூலை அதுதான்.

பால் வெண்மைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண வெள்ளைப் பாலியூரித்தேன் இறுகியதும் ஒளி ஊடுருவாத சுண்ணாம்புக் கட்டி போல ஆகிவிடும். பல்லும் எலும்பும் அப்படி இருப்பதில்லை. விளிம்புகளில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே புகுந்து வெளிவரும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் தெளிந்த ரெசினில் தந்த நிறச் சாயத்தைத் துளி அளவே கலப்பார்கள். வார்த்தெடுத்த பின் கத்தி முழுவதும் நீர்த்த பழுப்பு வண்ணத்தைத் தடவி, உடனே துணியால் துடைத்துவிடுவார்கள். மேடு துடைபட்டு வெளுக்கும், பள்ளத்தில் மட்டும் பழுப்பு தங்கும். பல ஆண்டு கைபட்ட பழமை இந்த ஒரு வேலையில் வந்துவிடுகிறது. கடைசியாகப் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. பாலியூரித்தேன் வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும் என்பது பொதுவாகக் குறையாகச் சொல்லப்படுவது. புழுவின் பல்லுக்கு அதுவும் அழகுதான்.

உலோகத் தோற்றம் தேவைப்படும் இடங்களிலும் ரெசின் கைகொடுக்கும். வெண்கலம் அல்லது அலுமினியத் தூளை ரெசினில் குழைத்து அச்சின் உட்புறத்தில் முதலில் தடவி, அதன்மேல் மீதி ரெசினை ஊற்றுவார்கள். வெளியே எடுத்ததும் மங்கலான சாம்பல் கட்டியாகத்தான் இருக்கும். இரும்பு நாரால் தேய்த்தால் மேலே படிந்த ரெசின் படலம் போய் உலோகத் துகள்கள் மின்னத் தொடங்கும். கண்ணுக்கும் விரலுக்கும் இது உலோகமே. கையில் தூக்கினால் மட்டும் எடை காட்டிக்கொடுத்துவிடும். இதற்காகவும், மெல்லிய அலகு வளையாமல் இருக்கவும், சில பட்டறைகள் ஊற்றும்போதே நடுவில் எஃகுக் கம்பி ஒன்றை வைத்துவிடுகின்றன. கம்பி வைத்த நகலைக் கேட்டு வாங்கலாம்.

அச்சில் வார்க்காமல், 3டி பிரிண்டரில் அச்சிட்டதையே வண்ணம் பூசி விற்பவர்களும் உண்டு. விலை இன்னும் குறையும். ஆனால் அதில் பெரும்பாலும் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஜன்னல் ஏற்றி நிறுத்திய காரின் முகப்புப் பலகையில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கத்தி வளைந்திருக்கும்.

எஃகு நகல்களின் கதை வேறு. ஸ்டுடியோவிடம் உரிமம் பெற்று 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வாள்களை விற்கும் அமெரிக்க நிறுவனம் யுனைடெட் கட்லரி. அது தரும் ஸ்டிங் ஏறத்தாழ 58 செ.மீ. நீளம். இத்தகைய காட்சி வாள்களின் அலகு பொதுவாக 420 வகைத் துருப்பிடிக்காத எஃகு. சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்தது என்பதால் எண்ணெய் பூசாமலே சுவரில் பல ஆண்டு மின்னும். விலையில் உலோகத்துக்குப் போவது ஒரு பங்குதான். ஸ்டுடியோவுக்குச் செலுத்தும் உரிமத் தொகை, எழுத்துப் பொறிப்பு, மரப் பலகை, சான்றிதழ், பெட்டி எல்லாம் அதில் அடங்கும்.

உரிமம் இல்லாத மலிவு எஃகு நகல்களில் பார்க்க வேண்டிய இடம் கைப்பிடி. அலகின் பின்முனை பிடிக்குள் எவ்வளவு அகலமாக நுழைகிறது என்பதில்தான் கத்தியின் உறுதி இருக்கிறது. விலை குறைந்தவற்றில் அலகோடு ஒரு மெல்லிய மரைக் கம்பியைப் பற்றவைத்து, பிடியின் அடியில் நட்டுப் போட்டு முறுக்கியிருப்பார்கள். சுவரில் தொங்கும்வரை பிரச்சினை இல்லை. யாராவது உற்சாகமாக வீசினால் பற்றவைப்பு விட்டு அலகு பறக்கும். பிடியின் அலங்காரம் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் எஃகு அச்சில் வேகமாக வார்த்துத் தள்ள முடிகிறது. கீழே போட்டால் எஃகைப் போல வளையாது, உடையும்.

திரை வாள் நகல் தொழிலில் இந்தியாவுக்கும் இடமுண்டு. 1943-ல் டேராடூனில் தொடங்கி கூர்க்கா படைகளுக்கான குக்ரி கத்திகள் செய்த விண்ட்லாஸ் நிறுவனம், பிற்காலத்தில் வரலாற்று வாள்களையும் திரைப்பட வாள்களையும் நகலெடுத்து அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பும் பெரிய பட்டறையாக வளர்ந்தது.

மலிவுச் சந்தையில் மிகுதியாகப் புழங்குவது நகலின் நகல். உரிமம் பெற்ற ஒன்றை வாங்கி, அதையே மாஸ்டராக வைத்து அச்சு எடுத்து வார்த்து விற்பார்கள். ரெசின் இறுகும்போது சற்றே சுருங்கும். அதனால் இரண்டாம் தலைமுறை நகல் ஒரு இம்மி சிறியதாகவும், அதன் விளிம்புகள் மொழுக்கென்றும் இருக்கும். ஸ்டிங் போன்றவற்றில் முதலில் கெடுவது எழுத்துதான். உரிய நகலில் ஒவ்வொரு வளைவும் கூர்மையாகத் தொடங்கிக் கூர்மையாக முடியும். மட்டமானதில் வளைவுகள் ஒன்றோடொன்று கலந்து, மேலே கறுப்பு மை தடவி மறைத்திருப்பார்கள். விற்பவரிடம் எழுத்துப் பகுதியை நெருக்கத்தில் எடுத்த படம் கேட்டால் போதும். அனுப்பத் தயங்கினால் அந்தச் சரக்கை விட்டுவிடலாம். இணையதளத்தில் போட்டிருக்கும் படம் பெரும்பாலும் உரிமம் பெற்ற பொருளுடையதாகவே இருக்கும், அதை நம்பிப் பயனில்லை.

கையில் பணம் குறைவு, ஆனால் உலோகம்தான் வேண்டும் என்றால் நடுவழி ஒன்று உண்டு. அதே கத்தியின் சிறிய வடிவம், கடிதம் பிரிக்கும் கத்தியாகக் கிடைக்கும். முழு அளவில் மட்டமான வேலையை வாங்குவதைவிட, பாதி அளவில் நல்ல வேலையை வாங்குவது மேல். மேசையில் இருக்கும், தினமும் கையில் எடுக்கப்படும். குழந்தைக்குக் கொடுப்பதானால் இந்தப் பேச்சே வேண்டாம்: வளையும் ஃபோமும் ரப்பரும் மட்டுமே. ரெசின் முனையும் குத்தும், உடைந்தால் கண்ணாடிச் சில்லு போலக் கீறும்.

பரிசாகக் கொடுப்பதில் சில சின்ன விஷயங்கள். கத்தியைப் பரிசளித்தால் நட்பு அறுந்துபோகும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவின் பல பகுதிகளில் உண்டு. வாங்கிக்கொள்பவர் பதிலுக்கு ஒரு காசு கொடுத்து அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிவிடுவார். நம்பிக்கை இல்லாதவரும் பெட்டிக்குள் ஒரு நாணயத்தை வைத்துக் கொடுக்கலாம், விளையாட்டாகவே இருக்கும். கிரிஸ்நைஃபுக்கு உறை தேடி அலைய வேண்டாம், மரத் தாங்கி போதும். உருவிய கத்தியை இரத்தம் காணாமல் உறையில் இடக்கூடாது என்பது ஃப்ரெமென் வழக்கம். அதை அறிந்த ரசிகர் தாங்கியையே விரும்புவார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. விமானத்தில் கைப்பையில் கத்தியைக் கொண்டுபோக முடியாது, அசலைப் போலத் தோன்றும் நகலுக்கும் அதே கதிதான். பதிவு செய்யும் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். பிரிட்டனில் 18 வயது நிரம்பாதவருக்குக் கத்தி விற்பது குற்றம். இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளின் அட்டவணை, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள குத்துவாள், வாள், கத்தி ஆகியவற்றை ஆயுதமாக வகைப்படுத்துகிறது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை மட்டுமே அதற்கு விலக்கு. 9 அங்குலம் என்பது சுமார் 23 செ.மீ. முழு அளவு ஸ்டிங்கின் எஃகு அலகு அதைத் தாண்டிவிடும். நாவல் சொல்லும் அளவில் செய்த கிரிஸ்நைஃப் எஃகில் இருந்தாலும் அதற்குள் அடங்கும்.