சொந்தக்காரரே மெக்கானிக்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு

முகையூரிலோ திண்டிவனத்திலோ ஒரு பழைய வீட்டுக் கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று தூசி படிந்து நிற்கலாம். அதைப் பழைய இரும்புக்குப் போட நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்’ என்ற புகழ்பெற்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், இந்த வண்டியின் சேஸிஸிலிருந்து பிறந்ததுதான்.

ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துக் கொடுக்க, அதைத் தயாரித்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனி சேஸிஸ் போட்டு, பாடியைப் பகுதி பகுதியாகச் செய்து போல்ட்டால் பூட்டினார்கள். அந்த நெருக்கடி, வண்டியை நாமே கழற்றிப் பூட்டும் நமக்கு வரமாயிற்று. சென்னையிலிருந்து விழுப்புரம் வரும் ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலை 1961-இல் 948 சி.சி. எஞ்சினோடு ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. 1962-இல் இங்கிலாந்தில் அந்தச் சேஸிஸைக் குறுக்கி, அதே எஞ்சின் குடும்பத்தின் 1147 சி.சி. எஞ்சினைப் பொருத்தி ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ஸ்பிட்ஃபயர் 1980 வரை உற்பத்தியில் இருந்தது. வண்டலூர் ஆலை 1988-இல் மூடப்பட்டது. ஆலை போனாலும் பாகங்கள் போகவில்லை என்பதற்குக் காரணம் இந்த உறவுதான்.

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கித் திறந்துகொள்ளும். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினின் இரு பக்கமும் கை நீட்டலாம். இவ்வளவு தாராளமாகத் தன்னைத் திறந்து காட்டும் கார் இன்று எந்த ஷோரூமிலும் இல்லை. கருவி வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. இதன் நட்டு, போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் உள்ளவை. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் போகும். ஆனால் கொஞ்சம் ஆடும், நாளடைவில் முனைகளை மழுக்கிவிடும். அங்குல ஸ்பானர் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் எனப்படும் ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்கு உயவு தர வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில், ஈ.பி. 90 எண்ணெய். நெடுஞ்சாலைப் பட்டறைகளில் லாரிக்கு அடிக்கிற பழக்கத்தில் இதற்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் கீழ்மரை வரை இறங்காது. உள்ளே தண்ணீர் நின்று துரு பிடிக்கும். துருப்பிடித்த இடத்தில் தண்டு ஒருநாள் முறியும். சக்கரம் மடிந்து விழும். வண்டியைத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். கட்டையிலுள்ள சிறு பிளக்கைக் கழற்றி நிப்பிள் பொருத்தி, ஆயில் கன்னால் எண்ணெய் கசிந்து வெளியே வரும்வரை ஏற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது. மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் செய்ய வேண்டும். கழற்றிப் பார்க்கும்போது வலப்பக்கம் வலமரை, இடப்பக்கம் இடமரை என்பதை மறக்கக் கூடாது. மரை தேய்ந்தோ துருவால் குழி விழுந்தோ இருந்தால் தண்டை மாற்றிவிடுங்கள். லேத் பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்து மரை வெட்டிப் போடுவது உயிரோடு விளையாடுவது.

டேப்பட் செட்டிங், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வது, வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை, அதில் ஓர் அழகும் உண்டு. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுழலும். எட்டு வால்வுகளையும் முன்னாலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாம் வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும்; ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை; ஆறாவதுக்கு மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி 0.010 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டுக்கு 0.015, பிளக்குக்கு 0.025. இவற்றை அளக்க ஒரு பீலர் கேஜ் இருந்தால் போதும்.

ஆனால் வண்டிக்கு அடியில் நுழையும் வேலை எதையும் ஜாக்கியை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுத்தான் தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்கள் அதில் ஊறி வெடிக்கும். பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டினால் தீதான். எத்தனாலைத் தாங்கும் குழாய் கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றிவிடுங்கள். பிரேக்குக்கு டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில்தான். எஞ்சின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் ஒரு துளி கலந்தாலும் சிலிண்டர் ரப்பர்கள் உப்பிப்போகும்.

உதிரிபாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கின்றன. அங்கே கிடைக்காததை இங்கிலாந்தில் தேடலாம். லிங்கன் நகரின் ரிம்மர் பிரதர்ஸ் போன்ற கடைகள் ட்ரையம்ஃப் பாகங்களை இன்றும் விற்கின்றன. ஹெரால்டு என்று கேட்டு இல்லையென்றால் ஸ்பிட்ஃபயர் என்று கேளுங்கள். ஆனால் உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தொடக்க கால ஹெரால்டுக்கு முன்பக்கம் டிரம் பிரேக், ஸ்பிட்ஃபயருக்கு டிஸ்க். மேலுக்கு ஒன்றுபோல் தெரியும் முன்சக்கரத் தண்டுகூட இரண்டுக்கும் வேறுபடலாம்.

ஓட்டும்போது ஒரு எச்சரிக்கை. பின்சக்கரங்கள் அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஊசலாடும் அமைப்பு இது. வேகமாக வளைவுக்குள் போய் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுற்றிக்கொள்ளும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான கார்களை விண்டேஜ் வண்டியாகப் பதிவுசெய்து ‘வி.ஏ.’ எழுத்துகளுள்ள நம்பர் பிளேட் வாங்கலாம். 1961 முதல் 1970-களின் தொடக்கம் வரை பதிவான ஹெரால்டுகள் அந்த வயதை எட்டிவிட்டன. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. மைலேஜுக்காக டீசல் எஞ்சினையோ வேறு காரின் எஞ்சினையோ உங்கள் ஹெரால்டில் ஏற்றாதீர்கள். ஏற்கெனவே கழற்றிய பழைய எஞ்சின் மூலையில் கிடந்தால், அதை யாருக்கும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.