பெயர் இல்லாத பையன்

திருவனந்தபுரம்:

ஒண்டுக் குடித்தனத்தின் சுகதுக்கம் நம்மவருக்குப் புதிதல்ல. பிழைப்புத் தேடி இங்கே வந்து, சாலைக் கடைத்தெருப் பக்கமும் கரமனையிலும் வரிசை வீடுகளில் காலம் தள்ளியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஒரே முற்றம், ஒரே குழாய். முதல் தேதி பிறந்தால் வீட்டுக்காரர் தலையைக் கண்டு மறைகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்!

இதே முற்றம் மெக்சிகோ நாட்டிலும் உண்டு. அதை வைத்தே உலகைச் சிரிக்க வைத்தார் ஒருவர். அவர் பெயர் ரொபெர்த்தோ கோமெஸ் பொலான்யோஸ். 1971-ல் தொலைக்காட்சியில் சிறு நாடகமாகத் தொடங்கிய அவரது 'எல் சாவோ தெல் ஓச்சோ', 1973 முதல் 1980 வரை தனித் தொடராக ஓடியது.

'சாவோ' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'பையன்' என்று பொருள். அவ்வளவுதான். எட்டு வயது அநாதைச் சிறுவன் அவன். சொந்தப் பெயர் என்னவென்று தொடரில் யாருக்கும் தெரியாது. காது மூடிய தொப்பி, ஒட்டுப்போட்ட உடுப்பு. மனம் நொந்தால் முற்றத்தில் கிடக்கும் மரப் பீப்பாய்க்குள் புகுந்துகொள்வான். அவன் ஆசையெல்லாம் இறைச்சி வைத்த ரொட்டி ஒன்றுதான். தொடர் தொடங்கியபோது பொலான்யோஸுக்கு வயது 42. ஆனாலும் சிறுவனாகவே அவரை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

வாடகை பாக்கி 14 மாதம்

அதே முற்றத்தில் தோன் ரமோன் என்றொரு மனிதர். மனைவியை இழந்தவர், ஒரே மகள். வேலை நிலையில்லை. எந்த நாள் கேட்டாலும் வாடகை பாக்கி 14 மாதம்! பையன் தலையில் குட்டுகிறவரும் அவரே. அவனிடம் பரிவு காட்டுகிறவரும் அவரே. இல்லாதவன் வருத்தம் இல்லாதவனுக்குத்தானே தெரியும்?

ஒரு கதையில் முற்றத்தில் பொருள்கள் களவு போகின்றன. பழி அநாதையின் மேல் விழுகிறது. பையன் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறுகிறான். பிறகு திரும்பி வந்தவன், தான் கடவுளிடம் வேண்டியதைச் சொல்கிறான். திருடன் பிடிபட வேண்டும் என்று அவன் வேண்டவில்லை. திருடன் நல்லவனாக வேண்டும் என்றே வேண்டினானாம். அதுவரை சிரித்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம் அது.

உலகக் கோப்பை வந்தால் கேரளத்தார் கொடி கட்டும் பிரேசிலிலும் 1984 முதல் இந்தப் பையன் வீட்டுப் பிள்ளையானான். 2014 நவம்பர் 28-ல் பொலான்யோஸ் மறைந்தபோது, மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா கால்பந்து மைதானத்தில் திரண்டு ஜனங்கள் அஞ்சலி செலுத்தினார்கள்.

டிக்கெட் ஜன்னலில் ஒரு முகம்

இதை எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என் டிக்கெட் ஜன்னலில் ஒரு சிறுவன் வந்து நின்றான். நாகர்கோவிலுக்கு டிக்கெட் கேட்டான். கையில் சில்லறை போதவில்லை. பின்னால் நீண்ட வரிசை. "தம்பி, தள்ளி நில்லு" என்றேன். கூட்டம் குறைந்ததும் எட்டிப் பார்த்தேன், ஆளைக் காணோம். யார் பெற்ற பிள்ளையோ! பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

14 வயதுக்கு உட்பட்டவர்களைக் கடையிலோ ஓட்டலிலோ வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-லேயே சட்டத்தைத் திருத்தி இறுக்கிவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் கோபித்துக்கொண்டோ, வீடே இல்லாமலோ ரயிலேறும் பிள்ளைகள் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. காசு செலவில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம்.

பீப்பாய்ப் பையனுக்காகச் சிரித்தோம், அழுதோம். ரயிலடியில் தனியே நிற்கும் பையனைக் கண்டால், "டேய் பையா" என்று விரட்டாமல், "உன் பெயர் என்ன தம்பி? சாப்பிட்டாயா?" என்று கேட்போம். நான் அன்று கேட்கத் தவறியது அதுதான்.