ஆங்கில இலக்கியத் தேர்வா? வீட்டில் தமிழில் பேசியே தயாராகலாம்

இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் ஆங்கில நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கமெல்லாம் மஞ்சள் கோடு. "என்னம்மா கதை அது?" என்று அம்மா கேட்கிறார். "இங்லீஷ் லிட்ரேச்சர்மா, உங்களுக்குப் புரியாது" என்கிறாள் மகள். அம்மாவும் அதோடு பேச்சை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறார்.

தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்துத் தாமான்களிலும் அடிக்கடி நடப்பதுதான் இது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் மகளுக்கு ஒரு நல்ல பயிற்சி கைநழுவிப் போய்விட்டது. கதையைப் படிக்காத ஒருவரிடம் அதை விளக்கி, "ஏன் அப்படிச் செய்தாள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இலக்கியத் தேர்வு கேட்கும் வேலை. அந்த வேலையைத் தமிழில் தொடங்குவதில் எந்தத் தவறும் இல்லை.

பெற்றோருக்கும் பழக்கமான பாடம்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஆங்கிலப் பாடத்தில் இலக்கியப் பகுதி 2000ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதற்குப் பின் நான்காம், ஐந்தாம் படிவம் படித்தவர்களில் பலர் இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர். மொப்பசானின் 'தி நெக்லஸ்' சிறுகதையும் ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி பேர்ல்' நாவலும் அவர்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வு வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்ற நான்கு திறன்களைச் சுற்றி அமைந்திருக்கிறது. இலக்கியத்தை ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு 'ஆங்கில இலக்கியம்' என்ற தனி விருப்பப் பாடம் உண்டு. அதன் குறியீடு 2205. எல்லாப் பள்ளிகளிலும் அது நடத்தப்படுவதில்லை. சொந்த முயற்சியிலும் டியூஷன் வகுப்பிலும் படித்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நூல் பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் என்பதால், தங்கள் ஆண்டுக்குரிய பட்டியலை ஆசிரியரிடம் உறுதிப்படுத்திக்கொள்வது முதல் வேலை. அக்கா அண்ணன் விட்டுச் சென்ற நூல்களை நம்பித் தொடங்கிவிடக்கூடாது.

கதை சொல்வது விடை ஆகாது

இலக்கியத் தாளில் மதிப்பெண் குறைவதற்கு ஆங்கிலம் மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம், கேள்விக்குப் பதில் எழுதாமல் கதையை எழுதிவிடுவது.

'தி நெக்லஸ்' கதையையே எடுத்துக்கொள்வோம். மத்தில்ட் என்ற பெண் ஒரு விருந்துக்காகத் தோழியிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்குகிறாள்; அதைத் தொலைத்துவிடுகிறாள். அவளும் கணவனும் கடன்பட்டு 36,000 பிராங்குக்கு அதே போன்ற ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். பத்து ஆண்டு பாடுபட்டுக் கடனை அடைக்கிறார்கள். கடைசியில், தொலைந்துபோன நெக்லஸ் போலியானது, அதிகம் போனால் 500 பிராங்குதான் பெறும் என்று தெரிகிறது.

"மத்தில்ட் நம் பரிதாபத்துக்கு உரியவளா?" என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். மேலே உள்ள கதையை இரண்டு பக்கத்துக்கு விரித்து எழுதினாலும் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் எழுதுகிறவர் முதலில் ஒரு பக்கம் நிற்க வேண்டும். "ஓரளவுக்குப் பரிதாபத்துக்கு உரியவள்; ஆனால் பத்து ஆண்டுத் துன்பத்துக்கு அவளுடைய மௌனமும் காரணம்" என்பது ஒரு நிலைப்பாடு. அதன் பிறகு கதையிலிருந்து சான்று வர வேண்டும். தொலைந்த அன்றே தோழியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்; அவள் சொல்லவில்லை. முன்பு வேலைக்காரப் பெண் இருந்தும் மனக்குறையோடு வாழ்ந்தவள், பின்பு வேலைக்காரியை நிறுத்திவிட்டுத் தானே பாத்திரம் தேய்க்கிறாள், சந்தையில் காசுக்குக் காசு பேரம் பேசுகிறாள். அந்த உழைப்பில் அவளுக்கு ஒரு பெருமையும் வந்துவிடுகிறது.

இன்னும் நல்ல மாணவர் ஒரு படி மேலே போவார். தோழி உண்மையைச் சொன்ன இடத்திலேயே ஆசிரியர் கதையை நிறுத்திவிடுகிறார். மத்தில்ட் அழுதாளா, சிரித்தாளா என்று சொல்லவில்லை. ஏன்? அந்த அதிர்ச்சியை வாசகரிடமே விட்டுவிடுகிறார். எழுத்தாளர் என்ன செய்திருக்கிறார், அது நம்மை என்ன செய்கிறது என்று சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் உயர்ந்த மதிப்பெண் இருக்கிறது.

ஒரு பத்திக்கு நான்கு படி

பல ஆசிரியர்கள் சொல்லித் தரும் பத்தி அமைப்பு இது: கருத்து, சான்று, விளக்கம், கேள்வியோடு இணைப்பு. முதல் வாக்கியத்தில் சொல்ல வந்த கருத்து வர வேண்டும். அடுத்து நூலிலிருந்து ஒரு சிறு மேற்கோள் அல்லது நிகழ்ச்சி. மூன்றாவதாக, அந்தச் சான்று கருத்தை எப்படி நிறுவுகிறது என்ற விளக்கம். கடைசியில் கேள்வியிலுள்ள சொல்லைத் தொட்டு முடிக்க வேண்டும்.

இதில் மாணவர்கள் தவறவிடுவது மூன்றாவது படி. மேற்கோளை எழுதியதும் வேலை முடிந்தது என்று அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். மேற்கோள் ஒரு வரி என்றால் விளக்கம் இரண்டு மூன்று வரியாவது இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்விச் சொல்லையும் கவனிக்க வேண்டும். "எப்படிக் காட்டுகிறார்?" என்றால் எழுத்தாளரின் சொல்லாட்சி, உரையாடல், காட்சி அமைப்பு பற்றி எழுத வேண்டும். "எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்?" என்றால் இரண்டு பக்கத்தையும் சொல்லி முடிவுக்கு வர வேண்டும். நூலின் ஒரு பகுதியை அச்சிட்டுக் கேட்கும் கேள்வியில், அந்தப் பகுதிக்குள் இருக்கும் சொற்களிலிருந்தே பெரும்பாலான சான்றை எடுக்க வேண்டும்.

கவிதைக்குப் பயம் வேண்டாம்

தமிழ்ப்பள்ளியில் திருக்குறளும் செய்யுளும் படித்து வந்த பிள்ளைக்கு உவமை, உருவகம் என்ற சொற்கள் புதியவை அல்ல. எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் எடுப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்தப் பழக்கம் பெரிய பலம். ஆனால் அதில் ஒரு வழுக்கலும் உண்டு. செய்யுளின் பொருளை மனப்பாடம் செய்து அப்படியே எழுதும் வழக்கத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. "இது உவமை" என்று பெயர் சொல்வதற்கு மதிப்பெண் அநேகமாகக் கிடைக்காது. அந்த உவமை என்ன வேலை செய்கிறது என்பதற்குத்தான் கிடைக்கும்.

ஒரு கவிஞர் ஆற்றைப் பாம்பு என்கிறார், இன்னொருவர் தாய் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கவிஞருக்கு ஆற்றின் மேல் பயம். வளைந்து ஓடுவதும் எதிர்பாராமல் தாக்குவதும் அவர் மனத்தில் இருக்கிறது. இரண்டாமவருக்கு நன்றி. ஒரே ஆறு, இரண்டு மனநிலை. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தால் கவிதைக் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது.

கவிதையைக் குறைந்தது மூன்று முறை படிக்க வேண்டும். ஒரு முறையாவது வாய்விட்டு. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த வரியில் மனநிலை மாறுகிறது என்ற மூன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.

மஞ்சள் கோடு போதாது

திரும்பத் திரும்பப் படித்தால் மனத்தில் நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் உரைநடைப் பகுதியை மறுபடியும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள், மறுபடி படித்தவர்கள் 42 விழுக்காட்டை மட்டுமே.

தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே மீள்பார்வை என்பது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பதாக இருக்க வேண்டும். அதற்குச் சில எளிய வழிகள்:

• ஒவ்வொரு நூலுக்கும் ஒரே ஒரு பக்கம். முக்கிய நிகழ்ச்சிகள், கதைமாந்தர் தொடக்கத்தில் எப்படி, முடிவில் எப்படி, நூல் பேசும் இரண்டு மூன்று கருப்பொருள்கள். முதலில் நினைவிலிருந்து எழுதி, பிறகு நூலைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேர்க்க வேண்டும். அடுத்த முறை அந்தச் சிவப்பைத்தான் படிக்க வேண்டும்.

• நீண்ட மேற்கோள் வேண்டாம். நான்கைந்து சொல் போதும். ஒரு நூலுக்குப் பத்து மேற்கோள் என்று சிறு அட்டைகளில் எழுதி, பின்பக்கம் "யார் சொன்னது, எப்போது, எதற்குப் பயன்படும்" என்று குறித்துக்கொள்ளலாம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட இதைப் பார்க்க முடியும்.

• அதே அட்டைகளை மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். ஒரே இரவில் ஐம்பது முறை பார்ப்பதைவிட இது நிற்கும்.

• வாரம் ஒரு கேள்வியையாவது நேரம் வைத்துக் கையால் எழுத வேண்டும். மொத்த நேரத்தை மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பங்கிட்டு, அந்த நேரம் முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். முதல் கேள்வியிலேயே நேரத்தைக் கரைத்து, கடைசிக் கேள்வியை வெறுமனே விட்டு வருவது பெரிய நஷ்டம்.

சுருக்கக் கையேடுகளும் மாதிரி விடைகளும் துணைக்கு மட்டுமே. ஒரே மாதிரி விடையை மனப்பாடம் செய்த பல பேரின் தாள்களைத் திருத்துபவர் ஒரே நாளில் பார்க்கிறார். அது அவருக்குத் தெரியாமல் போகாது.

பெற்றோர் செய்யக்கூடியது

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் மூன்று கேள்வி கேட்கலாம். "இந்தக் கதையில் யார் மாறுகிறார்?" "ஏன் மாறுகிறார்?" "அது உனக்கு எப்படித் தெரிந்தது?" முதல் இரண்டுக்குப் பிள்ளை வேகமாகப் பதில் சொல்லிவிடும். மூன்றாவது கேள்வியில்தான் தடுமாறும். எழுந்து போய் நூலைப் புரட்டும். அந்தப் புரட்டல்தான் சான்று தேடும் பயிற்சி.

இது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், தப்பு அண்ணன் மேலா தம்பி மேலா என்று வீட்டில் ஒரு மணி நேரம் வாதாடுகிறோம். "அந்த இடத்தில் அவன் பார்த்த பார்வையைக் கவனிக்கவில்லையா?" என்று சான்றும் காட்டுகிறோம். அதே வாதத்தை நாவலுக்கு மாற்றினால் போதும். தமிழில் தெளிவாகப் பேசி முடித்த கருத்தை, அன்றிரவே ஐந்தாறு ஆங்கில வாக்கியங்களில் பிள்ளை எழுதட்டும். என்ன சொல்ல வேண்டும் என்பது தீர்மானமாகிவிட்டால், எப்படிச் சொல்வது என்ற சுமை பாதியாகக் குறைகிறது. இலக்கணத்தைத் திருத்த ஆசிரியர் இருக்கிறார்.

பீடோங்கில் பிறந்த ஆங்கில நாவல்

"ஆங்கில இலக்கியம் என்றால் வெள்ளைக்காரர் கதை, நமக்கு ஒட்டாது" என்று நினைப்பவர்களுக்குக் கே.எஸ். மணியத்தைச் சொல்லலாம். 1942இல் கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்தவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், 2020இல் மறைந்தார். 1981இல் வெளிவந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' நாவல், பள்ளிகளில் இலக்கியப் பகுதி தொடங்கிய காலத்தில் சில மாநிலங்களில் பாட நூலாகவும் இருந்தது.

இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேரூன்றப் பாடுபடும் பெரியாத்தாய் என்ற பாட்டி அதில் இருக்கிறார். மருத்துவமனையில் துணி வெளுக்கும் அப்பா இருக்கிறார். மகன் அவரை நைனா என்று அழைக்கிறான். அந்த மகன் ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான், ஆசிரியராகிறான், இங்கிலாந்துவரை சென்று படித்துத் திரும்புகிறான். படிப்பில் அவன் வெற்றி பெறுகிறான். ஆனால் ஒவ்வொரு வகுப்பு ஏறும்போதும் வீட்டிலிருந்து ஒரு படி விலகிப் போகிறான். அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்பது அவனுக்கு எட்டவில்லை. அவனுடைய உலகம் அப்பாவுக்கும் எட்டவில்லை.

"உங்களுக்குப் புரியாதும்மா" என்று மகள் சொன்னபோது தொடங்குவதும் அந்த விலகல்தான். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "சரி, புரிகிற மாதிரி சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் மகளுடைய விடைத்தாளுக்கு நல்லது. வீட்டுக்கும் நல்லது.